பழைய வரைபடங்களில் ஒரு பாலைவனச் சுரங்க ஊர்: புரோக்கன் ஹில்லும் ஒட்டகக்காரர்களின் பள்ளிவாசலும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் புரோக்கன் ஹில் என்றொரு ஊர் இருக்கிறது. 'உடைந்த மலை' என்று பொருள். ஆனால் அந்தப் பெயரைத் தந்த மலை இன்று அங்கே இல்லை. வெள்ளிக்காகவும் ஈயத்துக்காகவும் துத்தநாகத்துக்காகவும் அதை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். ஊரின் நடுவே இப்போது கரும்பழுப்பு நிறத்தில் நீண்டு கிடப்பது சுரங்கக் கழிவுக் குவியல். மலை எங்கே இருந்தது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்பதை அறிய வேண்டுமானால் பழைய வரைபடங்களிடம்தான் போக வேண்டும்.

மலை மட்டும் அல்ல. இந்த ஊருக்கு உணவும் தண்ணீரும் இயந்திரமும் சுமந்து வந்த முஸ்லிம் ஒட்டகக்காரர்களின் முகாம்களும் இன்று இல்லை. அவர்கள் தொழுத சிறிய தகரப் பள்ளிவாசல் ஒன்று மட்டும் ஊரின் வடபகுதியில் நிற்கிறது. ஒரு சுரங்க ஊர் எப்படி மாறியது என்பதை வரைபடங்களை வைத்து ஆராய்வது எப்படி, அந்த வரைபடங்கள் எதைச் சொல்கின்றன, எவரைச் சொல்லாமல் விடுகின்றன என்பதற்கு புரோக்கன் ஹில்லைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

ஊர் பிறந்த கதை

ஆண்டுக்கு சுமார் 250 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் வறண்ட பூமி. சிட்னியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கும் மேல். அடிலெய்டு நகரமோ சுமார் 500 கிலோமீட்டர்தான். அதனால்தான் இந்த ஊர் இன்றும் தன் மாநிலத்தின் நேரத்தை விட்டுவிட்டு அடிலெய்டின் நேரத்தைப் பின்பற்றுகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இது வில்யகாலி எனும் பழங்குடி மக்களின் நிலம்.

1883 செப்டம்பரில், மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப் பண்ணையில் வேலி காவல் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் ராஸ்ப் என்பவர் இந்த மலையில் முதல் சுரங்க உரிமைக்கு முளை அடித்தார். அது வெள்ளீயம் என்று நினைத்தார். உண்மையில் கிடைத்தது உலகின் மிகப் பெரிய வெள்ளி, ஈய, துத்தநாகப் படிவுகளில் ஒன்று. 1885ல் உருவான புரோக்கன் ஹில் ப்ரொப்ரைட்டரி நிறுவனம்தான் இன்று பி.எச்.பி. என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படும் சுரங்க நிறுவனம். 1888ல் ஊர் நகராட்சியானது. முதல் உலகப் போர்க் காலத்தில் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. இன்று அது சுமார் 17 ஆயிரம்.

எந்த வரைபடம், என்ன சொல்லும்?

இப்படிப்பட்ட ஊருக்குக் கிடைக்கும் பழைய வரைபடங்களில் முக்கியமானது 'பாரிஷ்' வரைபடம். நம் ஊர் வருவாய் கிராம வரைபடத்துக்கு இணையானது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மனை யார் பெயரில், எது அரசு ஒதுக்கீடு, எது சுரங்கக் குத்தகை என்பதை நில நிர்வாக அலுவலகம் குறித்து வைக்கப் பயன்படுத்திய தாள் அது. புரோக்கன் ஹில், யான்கோவின்னா கவுண்டியில் பிக்டன் பாரிஷில் வருகிறது. நியூ சவுத் வேல்ஸ் அரசு இந்த வரைபடங்களின் பல பதிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய வரைபடங்களோடு அக்கால நாளிதழ்களும் கிடைக்கும். வீட்டிலிருந்தபடியே ஒரு கல்லூரி மாணவர் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

இங்கே பலர் இடறுவது ஒரு விஷயத்தில்தான். வரைபடத்தின் மூலையில் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் ஊர் இப்படித்தான் இருந்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் பாரிஷ் வரைபடம் ஒரு நாளில் எடுத்த புகைப்படம் அல்ல. அலுவலக மேசையில் பல ஆண்டுகள் கிடந்து, ஒவ்வொரு விற்பனையும் ஒவ்வொரு ஒதுக்கீடும் வெவ்வேறு மையில் அதன் மேலேயே எழுதப்படும். எழுத இடமில்லாமல் போன பிறகுதான் அடுத்த பதிப்பு வரையப்படும். ஆகவே ஒரே தாளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அரசிதழ்த் தேதிகள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அவற்றைப் படித்தால்தான் எந்தக் கோடு எப்போது வந்தது என்பது தெரியும்.

தேதியில்லாத சுரங்க வரைபடம் கிடைத்தால் வேறு உத்தி உண்டு. ராஸ்ப்பும் கூட்டாளிகளும் முதலில் பெற்றவை 10 முதல் 16 வரை எண்ணிட்ட ஏழு பிளாக்குகள். முதலில் அவை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 1880களின் பிற்பாதியில் 10, 14 ஆகியவையும், 15ம் 16ம் சேர்ந்தும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. ஏழும் ஒரே பெயரில் இருந்தால் அந்தத் தாள் அந்தப் பிரிவினைக்கு முந்திய நிலையைக் காட்டுகிறது. ரயில் பாதையும் இப்படியே உதவும். சில்வர்டன் டிராம்வே என்ற தனியார் ரயில் பாதை 1888 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிட்னியுடன் நேரடி ரயில் இணைப்பு 1927ல்தான் முழுமையானது. எந்தத் தண்டவாளம் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே ஏறக்குறையக் காலம் பிடிபடும்.

அளவையும் கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் நில அளவையில் அடிப்படை அலகு 'செயின்', அதாவது சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, சுமார் 20.1 மீட்டர். நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் சங்கிலியும் லிங்க்ஸும் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே கணக்குதான் அங்கேயும். 'ஓர் அங்குலத்துக்கு 40 சங்கிலி' என்று போட்டிருந்தால் விகிதம் 1க்கு 31,680. அந்த வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக் கோடு ஒன்று தரையில் சுமார் 16 மீட்டர் அகலத்தை மூடிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

தெருக்கள் சொல்லும் சாட்சி

புரோக்கன் ஹில்லின் தெருப்பெயர்களைப் படித்தால் வேதியியல் பாடப் புத்தகத்தைத் திறந்ததுபோல் இருக்கும். ஆக்ஸைடு தெரு, குளோரைடு தெரு, சல்ஃபைடு தெரு, ப்ரோமைடு தெரு, அயோடைடு தெரு, கோபால்ட் தெரு. கடைத்தெருவின் பெயர் ஆர்ஜென்ட். லத்தீன் வழியாக வந்த சொல், வெள்ளி என்று பொருள்.

பெயரைவிட முக்கியமானது தெருக்கள் சாய்ந்திருக்கும் கோணம். அக்கால ஆஸ்திரேலிய ஊர்கள் பலவும் வடக்கு தெற்காகக் கட்டம் போட்டு அமைக்கப்பட்டவை. இங்கேயோ கட்டம் முழுவதுமே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்திருக்கிறது. காரணம் பூமிக்கடியில் ஓடும் தாது. ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தப் படிவு ஓடும் திசைக்கு இணையாகத் தெருக்கள் வரையப்பட்டன. மலை கரைந்து போனாலும் அது எந்தத் திசையில் படுத்துக் கிடந்தது என்பதை ஆர்ஜென்ட் தெரு இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து ஊரான சில்வர்டன் நேர்மாறான பாடம். அது புரோக்கன் ஹில்லுக்கு முன்பே வெள்ளியால் எழுந்த ஊர். 1880களின் நடுவில் சுமார் மூவாயிரம் பேர் இருந்தார்கள். 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரிய படிவு கிடைத்ததும் மக்கள் கிளம்பினார்கள். வீடுகளையே பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரச்சட்டமும் தகரமும் கொண்ட வீடுகள் என்பதால் அது முடிந்தது. ஆனால் சர்வே செய்த மனைகளும் தெருக்களும் ஒருமுறை தாளில் ஏறிவிட்டால் ஆட்கள் போனதற்காக அழிவதில்லை. வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு சில்வர்டன் பெரிய ஊர். நேரில் போகிறவருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கற்கட்டடங்கள். நில அளவை வரைபடம் காட்டுவது நிலத்தின் மீதான உரிமையை. அங்கே ஆள் குடியிருந்தார் என்பதற்கு அது சாட்சி அல்ல.

ஒன்றின் மேல் ஒன்றாக

மாற்றத்தைக் காண, வெவ்வேறு காலத்து வரைபடங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பழைய தாளிலும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கிற புள்ளிகளைத் தேடிக் குறிக்க வேண்டும். ஆர்ஜென்ட் தெருவும் குளோரைடு தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள பழைய அஞ்சலகம், சல்ஃபைடு தெருவும் ப்ளெண்ட் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள தொழிற்சங்கக் கட்டடம் போன்றவை நல்ல புள்ளிகள். சுரங்க வேலிகளும் கழிவுக் குவியலின் ஓரங்களும் கூடாது. அவை நகர்ந்துகொண்டே இருந்தவை. நான்கைந்து புள்ளிகளோடு நிறுத்திவிடாமல் பத்துக்கு மேல் எடுப்பதும், அவற்றை ஊரின் ஒரே பக்கத்தில் குவித்துவிடாமல் நாலாபுறமும் பரப்பி எடுப்பதும் நல்லது. காகிதம் ஈரத்தில் நீண்டிருக்கும், மடிப்பில் சுருங்கியிருக்கும். பொருத்திய பிறகும் பத்து, பதினைந்து மீட்டர் பிசகு இருந்தால் அதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பிசகைவிடச் சிறிய மாற்றம் எதையும் அந்த வரைபடத்தை வைத்து நிரூபிக்க முடியாது.

இப்படி அடுக்கிப் பார்க்கும்போது வெளிவரும் செய்திகளில் சில, குடும்பங்களை நேராகத் தொடுபவை. தொடக்க காலத்தில் உருக்காலைகள் ஊருக்குள்ளேயே இருந்தன. 1890களின் இறுதிக்குள் அந்த வேலை கடலோரத்து போர்ட் பிரிக்குப் போய்விட்டது. ஆலை போனது, ஈயத்தூள் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1991ல் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, அந்நாளில் எச்சரிக்கை எல்லையாக இருந்த டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைப் பெரும்பாலான குழந்தைகள் தாண்டியிருந்தார்கள். தாதுப் படிவை ஒட்டிய வீடுகளில் அளவு கூடுதல். உருக்காலை எங்கே நின்றது, கழிவை எங்கே கொட்டினார்கள் என்பது இன்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை விளையாடும் கொல்லைப்புறம் எதன் மேல் இருக்கிறது என்று கேட்கும் தாய்க்குப் பழைய சுரங்க வரைபடம் வரலாற்று அலங்காரப் பொருள் அல்ல.

ஊரைச் சுற்றியுள்ள பசுமை வளையமும் வரைபடத்தில் தெரிகிற மாற்றம்தான். சுரங்கத் தாங்குகட்டைகளுக்கும் விறகுக்கும் சுற்றுவட்டார மரங்களை எல்லாம் வெட்டியதால் மணற்புயல் ஊருக்குள் புகுந்து வேலிகளையே மூடியது. ஆல்பர்ட் மோரிஸ் என்ற தாவர ஆர்வலரின் முயற்சியால் 1936 முதல் ஊரின் ஓரமாக நிலத்தை வேலி போட்டு அடைத்தார்கள். ஆடும் முயலும் நுழையாமல் தடுத்ததும், மண்ணில் உறங்கிக் கிடந்த நாட்டுச் செடிகள் தாமாகவே பெரும்பாலும் முளைத்து வந்தன. வரைபடத்தில் அது சாதாரண ஒதுக்கீட்டு எல்லைக்கோடு. பழைய விமானப் படங்களை அதன் மேல் வைத்தால்தான் கோட்டுக்கு உள்ளே கருமையும் வெளியே வெளிறிய மண்ணும் தெரியும்.

தாளில் இடம்பெறாத முகாம்

இப்போது ஒட்டகக்காரர்களுக்கு வருவோம். 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயரில் அவர்களை அழைத்தார்கள். ஆனால் ஆப்கானிஸ்தான் மட்டுமல்லாமல் பலூசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், சிந்து, காஷ்மீர் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். குதிரையும் மாடும் தண்ணீரில்லாமல் சுருண்டு விழும் தடத்தில், 400 கிலோவுக்கும் மேல் சுமந்து நடக்கக்கூடிய ஒட்டகங்களோடு பயணம் செய்தார்கள். ரயில் வந்த பிறகும், ரயில் போகாத பண்ணைகளுக்கும் சிறு சுரங்கங்களுக்கும் இவர்கள்தான் வழி.

அவர்களின் முகாம்கள் ஊரின் விளிம்பில் இருந்தன. வடக்கு முகாமில் 1887க்கும் 1891க்கும் இடையில் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். நெளிதகரச் சுவர், தகரக் கூரை, முன்புறத்தில் உளூ செய்ய ஒரு நீர்த்தொட்டி. ஒரு சிறு வீட்டின் அளவுதான். அதே காலத்தில் அடிலெய்டில் கல்லால் கட்டப்பட்ட பள்ளிவாசல் எழுந்தது. பாலைவனத்தில் கையில் கிடைத்தது தகரம்.

இந்தப் பள்ளியைப் பாரிஷ் வரைபடத்தில் தேடுபவர் ஏமாறக்கூடும். மேலே பார்த்த கணக்குப்படி, 40 சங்கிலி அளவிலான வரைபடத்தில் அந்தக் கட்டடம் முழுவதும் ஒரு பேனாக் கோட்டுக்குள் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், அந்த வரைபடம் பதிவு செய்தது நில உரிமையை என்பது. பொதுநிலத்தின் ஓரத்தில் கூடாரமும் தகரக் குடிசையும் போட்டு, பாதி ஆண்டைத் தடத்திலேயே கழிப்பவருக்கு அதில் கட்டம் கிடையாது. 1901ல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும், ஆசியர்களுக்குக் குடியுரிமையை மறுத்த 1903ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை இன்னும் விளிம்புக்குத் தள்ளின. ஆகவே வரைபடத்தில் வெற்றிடம் இருப்பதால் அங்கே ஆளில்லை என்று எழுதிவிடுவது பெரிய பிழை. வில்யகாலி மக்களின் நீர்நிலைகளுக்கும் தடங்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே ஆய்வாளர் தாளை விட்டு வெளியே வர வேண்டும். நகராட்சிப் பதிவுகள், நாளிதழ்கள், நீதிமன்றச் செய்திகள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றில் வரும் இடக்குறிப்புகளை எடுத்து வரைபடத்தில் தாமே புள்ளி வைக்க வேண்டும். இதில் ஒரு கசப்பான நாளும் அடக்கம். 1915 ஜனவரி 1 அன்று, வடக்கு முகாமோடு தொடர்புடைய இருவர், சுமார் 1,200 பேருடன் சில்வர்டன் பக்கம் சுற்றுலா போய்க்கொண்டிருந்த ரயிலை நோக்கிச் சுட்டார்கள். ஊர் மக்கள் நால்வர் உயிரிழந்தார்கள். சுட்ட இருவரும் இறுதியில் மாண்டார்கள். நிரபராதிகளைக் கொன்ற செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. அவர்களில் மூத்தவர், உரிமம் பெறாத இடத்தில் ஆடு அறுத்ததற்காக முன்னர் அபராதம் விதிக்கப்பட்டவர் என்பதும் பதிவில் உள்ளது. அன்றிரவு ஒரு கும்பல் ஜெர்மானியர் சங்கக் கட்டடத்துக்குத் தீ வைத்துவிட்டு ஒட்டகக்காரர் முகாமை நோக்கிக் கிளம்பியது. காவலரும் ராணுவத்தினரும் தடுத்து நிறுத்தினார்கள். ரயில் நின்ற இடம், அந்த இருவர் பதுங்கிய வெண்பாறை, முகாம், ஊர் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எல்லாமே எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது விளங்கும். இருவர் செய்த குற்றத்துக்காக அந்த முகாமில் தூங்கப்போன மற்றவர்கள் அன்றிரவு என்ன நினைத்திருப்பார்கள் என்பதும் விளங்கும்.

1920களில் லாரிகள் வந்தன. ஒட்டகங்களுக்கு வேலை போனது. அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களைக் கொல்ல அனுமதிக்கும் சட்டத்தை 1925ல் தென் ஆஸ்திரேலியா இயற்றியது. முகாம்கள் கலைந்தன, சிலர் தாயகம் திரும்பினார்கள், சிலர் அங்கேயே மணம் முடித்துத் தங்கினார்கள். ஊர் வளர்ந்து அந்த விளிம்பையும் தெருக்களாக்கிக்கொண்டது. பாழடைந்து கிடந்த பள்ளிவாசலை 1960களில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் பழுது பார்த்துக் காட்சியகமாக்கியது. 2015ல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் முழுவதுமே சேர்க்கப்பட்டது.

பள்ளிவாசல் இருப்பதால் ஆய்வாளருக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. முகாமிலிருந்த மற்ற எல்லாமே பெயர்ந்துவிட்டன, இது நகரவில்லை. எனவே பழைய புகைப்படங்களில் தெரியும் குடிசைகளையும் ஒட்டகக் கொட்டில்களையும் இதிலிருந்து அளந்து வரைபடத்தில் ஏற்றலாம். திசையும் பேசும். புரோக்கன் ஹில்லிலிருந்து கஅபாவின் திசை, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 13 பாகை வடக்காக அமைகிறது. ஊரின் தெருக்களோ தாதுவின் திசையில் சாய்ந்தவை. செயற்கைக்கோள் படத்தில் பள்ளியின் சுவர்க் கோணத்தை அளந்து, ஒரு பக்கம் கிப்லாவோடும் மறுபக்கம் பக்கத்துத் தெருவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டியவர்கள் எதைப் பார்த்துச் சுவரை நிறுத்தினார்கள் என்பது தெரியும். காந்த ஊசியை வைத்துக் குறித்திருந்தால் சில பாகை பிசகியிருக்கும். உண்மை வடக்கும் காந்த வடக்கும் அங்கே ஒன்றல்ல. அதையும் கழித்துக்கொண்டு கணக்கிட வேண்டும்.